மருதநாயகம் வீரரா, துரோகியா? கொடியை விட்டுவிட்டுக் குத்தகைக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: மருதநாயகம் என்கிற கான் சாகிபு, வெள்ளையரை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய வீரரா, இல்லை வெள்ளையருக்காகப் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தவரா? மதுரைப் பக்கம் ஒரு மாதிரி பேசுகிறார்கள், பூலித்தேவரின் ஊரான நெல்கட்டும்செவல் பக்கம் வேறு மாதிரி பேசுகிறார்களே, எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், ஏனென்றால் இரண்டுமே நடந்தது. 1752-லிருந்து பதினோரு ஆண்டுகள் அவர் ஆங்கிலேயக் கம்பெனிக்காகச் சண்டை போட்டார். கடைசிக் காலத்தில் அதே கம்பெனியை எதிர்த்துச் சண்டை போட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். இந்த இரண்டு பாதிகளில் ஒன்றை மறைத்தால்தான் அவரை முழு வீரராகவோ முழுத் துரோகியாகவோ காட்ட முடியும். நான் மதுரைக்காரன். சின்ன வயதிலிருந்து கான்சா மேட்டுத் தெரு என்ற பெயரைக் கேட்டு வளர்ந்தவன். அந்த 'கான்சா' யார் என்று தேடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தேடியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அவர் எந்தக் கொடியை ஏற்றினார் என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். மதுரைச் சீமையின் குத்தகைப் பணம் யார் கைக்குப் போனது என்று பார்த்தால் எல்லாம் தெளிவாகும். அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் பெயர். அவர் காலத்து ஆங்கிலேய ஆவணங்களில் அவர் யூசுப் கான். ஜனங்களுக்குக் கான் சாகிபு, பேச்சில் கான்சா. படைத்தலைவர் என்பதால் 'கும்மந்தான்' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது, கமாண்டன்ட் என்ற சொல்லை நம் ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். மருதநாயகம் பிள்ளை என்ற பெயர், அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் ராமநாதபுரம் சீமைப் பனையூர்ப் பக்கத்து வழக்காற்றிலிருந்து வருவது. 1725 வாக்கில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் வீட்டைவிட்டுப் போய், இஸ்லாத்தைத் தழுவினார் என்பது அந்த வழக்காறு. புதுச்சேரியில் ஐரோப்பியரிடம் வேலை பார்த்தது, தஞ்சாவூரில் சிப்பாயாக இருந்தது, நெல்லூரில் சுபேதார் ஆனது என்று வாலிபப் பருவம் ஊர் ஊராகப் போகிறது. 'நெல்லூர் சுபேதார்' என்றே ஆங்கிலேயர் அவரைக் கொஞ்ச காலம் அழைத்தார்கள். 1752-ல் தன் சிப்பாய்களோடு ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படையில் சேர்ந்தார். அதிலிருந்துதான் நமக்கு உறுதியான செய்திகள் கிடைக்கின்றன.

அப்போது ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை, சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. சண்டையின் மையம் திருச்சிராப்பள்ளிக் கோட்டை. 1752 ஜூனில் சந்தா சாகிபு கொல்லப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. திருச்சியைக் கேட்டு மைசூர்க்காரர்கள் வந்து நின்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

முற்றுகையில் இருக்கும் கோட்டையைக் காப்பாற்றுவது பீரங்கி என்று நாம் நினைப்போம். உண்மையில் காப்பாற்றுவது அரிசி வண்டி. புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து அரிசியும் ஆடுமாடும் எதிரியின் குதிரைப்படைக்குத் தப்பித் திருச்சிக்குள் வந்து சேர வேண்டும். ராத்திரியில் புறப்பட்டு, எந்தக் காட்டுப் பாதையில் ஆள் இருக்கிறான் எந்தப் பாதையில் இல்லை என்று தெரிந்து, வண்டிகளை உள்ளே கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் யூசுப் கான். படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரைப் பற்றி எழுதியதன் சாரம் இது: துணிச்சல்காரர், சண்டை நடுவிலும் நிதானம் இழக்காதவர், தன் உடம்பைக் காத்துக்கொள்ளப் பார்க்காதவர், நான் கேட்பதற்கு முன்பே 'நான் போகிறேன்' என்று வந்து நிற்பவர், பிறவிப் படைவீரர். 'அவர் நிறத்தவரில்' இப்படி ஒருவரை இந்த நாட்டில் பார்த்ததில்லை என்றும் லாரன்ஸ் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒரு எல்லைக்கோடு இருப்பதைக் கவனியுங்கள். எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

திருச்சியில் இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலேயரின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பொன்னியப்பன், யூசுப் கான் மைசூருக்கு விலைபோய்விட்டதாகக் காட்ட ஒரு பொய்க் கடிதத்தை உருவாக்கி, அது ஆங்கிலேயர் கையில் சிக்கும்படி ஏற்பாடு செய்தான். யூசுப் கானைப் பிடித்து விசாரித்தார்கள். கடைசியில் சதி வெளியானது. மைசூரோடு பேரம் பேசியது துபாஷிதான் என்று தெரிந்தது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அந்த ஆண்டே, 1754-ல், கம்பெனியின் சிப்பாய்கள் எல்லோருக்கும் தலைவராக யூசுப் கான் நியமிக்கப்பட்டார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவரையே ஒரு துண்டுக் கடிதத்தை நம்பிக் காவலில் வைப்பார்கள் என்பதை அவர் அன்று நேரில் பார்த்துவிட்டார். 1763-ல் 'சென்னைக்கு வந்து விளக்கம் சொல்' என்று ஆணை வந்தபோது அவர் ஏன் போகவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது மதுரை. திருச்சியைக் காப்பாற்றிக் கொடுத்த செலவுக்கு நவாப் முகம்மது அலி கம்பெனிக்குப் பெருங்கடன்காரர் ஆகிவிட்டார். கடனை அடைக்க வரி வேண்டும். மதுரையும் திருநெல்வேலியும் பெயருக்குத்தான் நவாபுடையவை. பாளையக்காரர்கள் யாரும் திறை கட்டுவதாக இல்லை. ஆகவே 1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படை தெற்கே வந்தது, யூசுப் கானும் கூட வந்தார். பூலித்தேவர் முதல் கட்டபொம்மன் வம்சத்து முன்னோர் வரை எல்லோரிடமும் 'கிஸ்தி எங்கே', வரி எங்கே என்று கேட்கும் பயணம் இது.

ஹெரான் செய்த ஒரு காரியத்தை மதுரைப் பக்கத்தில் மறக்கவில்லை. திருமோகூர்க் கோயிலில் புகுந்து சாமி சிலைகளை அள்ளிக்கொண்டு போனார். அவை அந்தச் சுற்றுவட்டாரக் கள்ளர் நாட்டு மக்களின் தெய்வங்கள். படை திருச்சிக்குத் திரும்பும்போது நத்தம் கணவாயைக் கடந்தாக வேண்டும். இருபுறமும் அடர்ந்த காடு, நடுவில் ஒற்றைப் பாதை, மூட்டை முடிச்சு வண்டிகள் பின்னால். முன்படை கடந்த பிறகு கள்ளர்கள் பின்னால் வந்த வண்டிகள்மேல் பாய்ந்தார்கள். 'சாமி, சாமி' என்று கத்திக்கொண்டே பாய்ந்தார்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்மே எழுதி வைத்திருக்கிறார். வந்த வேலை முடிந்தது, சிலைகளை மீட்டுக்கொண்டார்கள். ஹெரானை ராணுவ நீதிமன்றம் விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கியது. கோயிலில் கைவைத்தால் இந்தச் சீமையை ஆள முடியாது என்பதை யூசுப் கான் அங்கே கற்றுக்கொண்டார் என்பது என் கணிப்பு. பின்னால் அவர் செய்தவை அப்படித்தான் சொல்கின்றன.

மதுரைக் கோட்டை அப்போது நவாபின் அண்ணன் மாபுஸ்கான் ஆட்களிடம் இருந்தது. தம்பியோடு மனஸ்தாபத்தில் இருந்த மாபுஸ்கான் பூலித்தேவரோடு சேர்ந்துகொண்டார். 1757-ல் கேப்டன் கைலாடும் யூசுப் கானும் கோட்டையைத் தாக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் உள்ளே இருந்த பர்கத்துல்லாவுக்கு 1,70,000 ரூபாய் கொடுத்துக் கோட்டையை வாங்கினார்கள். சண்டை போட்டு விழாத கோட்டை பணத்துக்கு விழுந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏழு ஆண்டு கழித்து இதே கோட்டை இன்னொரு முறை உள்ளிருந்து விழப்போகிறது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். தெற்கிலிருந்து யூசுப் கானை அழைத்தார்கள். அவர் நேருக்கு நேர் மோதவில்லை. செங்கல்பட்டு, பரங்கிமலை என்று வெளியே சுற்றிக்கொண்டு பிரெஞ்சுக்காரரின் உணவு வண்டிகளையும் பின்வரிசையையும் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து உட்காரும் ஈக்கள் போல இருந்தார்கள் என்று லாலி அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. திருச்சியில் உணவை உள்ளே கொண்டுவந்தவர், சென்னையில் எதிரிக்கு உணவு வராமல் தடுத்தார். இரண்டும் ஒரே வித்தைதான்.

சரி, இனிமேல்தான் விஷயமே. அதே 1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் இரண்டும் யூசுப் கானுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு. குத்தகை என்றால் என்ன? பேசிய தொகையைத் தவணை தவணையாகக் கட்டிவிட வேண்டும். வசூல் அவர் பொறுப்பு. பாளையக்காரர் கட்டவில்லையென்றால் படை கொண்டுபோய் வாங்குவது அவர் பொறுப்பு. அந்தப் படைக்குச் சம்பளம், கோட்டைச் செலவு எல்லாமே வசூலிலிருந்துதான். மிச்சம் இருந்தால் அவருக்கு, நட்டம் வந்தாலும் அவருக்கு. படைத்தலைவரும் வரி வசூலிப்பவரும் நீதி சொல்பவரும் ஒரே ஆள் என்றால் அவருக்குப் பேர்தான் குத்தகைக்காரர். ஆளுகிற விதத்தில் அவர் ராஜா.

அந்த அதிகாரத்தை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு ஒரே தராசு போதாது. கர்னல் ஃபுல்லர்ட்டன் என்பவர் யூசுப் கான் இறந்து ஏறத்தாழ 20 ஆண்டு கழித்துத் தெற்கே படை நடத்தியவர். அவர் ஊர்களில் கேட்டறிந்து எழுதியது இது: கான் சாகிபின் நீதியில் யாரும் குறை சொன்னதில்லை, சொன்ன சொல் மாறாது, குற்றவாளி தப்பித்து ஒளிய இடமில்லை. தூக்கிலிட்ட தரப்பைச் சேர்ந்த ஒரு ராணுவ அதிகாரி இப்படி எழுதுவது சாதாரண விஷயமா? மீனாட்சியம்மன் கோயில் வாசலின் மேல் ஒரு பக்கிரி தர்கா எழுப்பப் பார்த்து ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. முஸ்லிமான யூசுப் கான்தான் அந்தப் பக்கிரியை அப்புறப்படுத்தினார், கோயிலின் வருமானத்துக்கும் வழி செய்தார். திருமோகூர்ப் பாடம் அவருக்கு மறக்கவில்லை. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி ஆழ்வார்திருநகரி வரை வந்து உட்கார்ந்தபோது, 1760-ல், அவர்களைக் கடற்கரைக்கே திருப்பி விரட்டியதும் அவர் படைதான்.

ஆனால் இதே காலத்தில் இதே மனிதர் நத்தம் காடுகளில் பாதை வெட்டிக்கொண்டு போய், அகப்பட்ட கள்ளர்களை ஈவு இரக்கமில்லாமல் கொன்றார். அதை எழுதாமல் அவரைப் புகழ்வது அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். பூலித்தேவரை அவர் மூன்று ஆண்டு விடாமல் துரத்தினார். 1759-ல் வாசுதேவநல்லூரில் பூலித்தேவரின் ஆட்கள் அவரைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்லோ செங்கல்லோ இல்லாத வெறும் மண்கோட்டை அது. பீரங்கிக் குண்டு பட்டால் உடையாமல் உள்வாங்கிக்கொள்ளும், விழுந்த இடத்தை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவிடுவார்கள். யூசுப் கான் விடவில்லை. பூலித்தேவரோடு சேர்ந்திருந்த திருவிதாங்கூரைக் களக்காட்டைக் கொடுத்துத் தன் பக்கம் இழுத்தார். 1761-ல் நெல்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் விழுந்தன. பூலித்தேவர் நாட்டைவிட்டு வெளியேறினார். கட்டாலங்குளத்து வீரன் அழகுமுத்துக்கோனையும் அவர் ஆட்களையும் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டது கான் சாகிபின் படைதான் என்பது அந்த வட்டாரத்து வழக்காறு. திருச்சியில் பொன்னியப்பன் செத்த அதே விதத்தில்.

இப்படி அடக்கி முடித்த பிறகு என்ன ஆனது? சீமையிலிருந்து பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. அவருக்குச் சிக்கலும் அதிலிருந்தே தொடங்கியது.

நவாப் முகம்மது அலிக்கு இதில் இரண்டு வகைப் பயம். ஒன்று, தன் நாட்டின் ஒரு பாதியைத் தன் ஆணைக்குக் கட்டுப்படாத ஒருவர் ஆள்கிறார். யூசுப் கான் தன்னைக் கம்பெனியின் ஊழியராகத்தான் கருதினார், நவாபின் ஊழியராக ஒருநாளும் இல்லை. குத்தகையை நேராகக் கம்பெனிக்குக் கட்டவே விரும்பினார். இரண்டாவது, இவ்வளவு வருமானம் வருகிற சீமை இப்போது தன் கையில் இருந்தால் கடனை அடைக்கலாமே என்ற கணக்கு. கம்பெனி என்ன செய்தது? சென்னைக் கவுன்சிலில் யூசுப் கானை மதித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கம்பெனிக்குப் பல லட்சம் பாக்கி வைத்திருந்தவர் நவாப். அந்தப் பாக்கி வசூலாக வேண்டுமானால் நவாப் நவாபாகவே இருக்க வேண்டும், சீமை அவர் பெயரில் இருக்க வேண்டும். 1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று பிரிட்டனும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. எங்கோ ஐரோப்பாவில் போட்ட கையெழுத்து, மதுரையில் உட்கார்ந்திருந்தவரின் காலடி மண்ணை எடுத்துவிட்டது. இனி அவர் நவாபின் கீழ் ஒரு குத்தகைக்காரர், அவ்வளவுதான். நவாப் வேண்டாம் என்றால் போய்விட வேண்டும்.

அவருடைய தவறுகளும் இருந்தன. 1762-ல் திருவிதாங்கூரோடு சொந்தமாக ஒரு போர் தொடங்கினார். கம்பெனி அனுமதி இல்லாமல் ஒரு ராஜாவோடு சண்டை போடும் குத்தகைக்காரரைப் பார்த்துச் சென்னை சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. படையைப் பெருக்கினார், கோட்டையைப் பலப்படுத்தினார், பிரெஞ்சுக்காரர்களை வேலைக்கு வைத்தார். சென்னைக்கு வரச்சொன்னார்கள், வரவில்லை. 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

பலர் இந்தக் கொடியை வைத்துத்தான் வாதம் செய்கிறார்கள். அடிமை விலங்கை உடைத்தார் என்று ஒரு சாரார், ஒரு வெள்ளையனை விட்டு இன்னொரு வெள்ளையனிடம் போனார் என்று ஒரு சாரார். இரண்டு பேரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1761 ஜனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. 1763-ல் இந்தியாவில் பிரெஞ்சுக்காரரிடம் அவருக்குக் கொடுக்கப் படையுமில்லை, பணமுமில்லை. அந்தக் கொடி அவருக்குத் தந்திருக்கக்கூடியது ஒரே ஒரு பாதுகாப்புதான். நவாபுக்கு எதிராகக் கலகம் செய்த குடிமகன் என்று தூக்கில் போட முடியாமல், இன்னொரு அரசின் தளபதியாகச் சண்டை போட்டவர் என்று நடத்தப்படலாம். தூக்குக் கயிற்றை எதிர்பார்த்தே அவர் அந்தக் கொடியை ஏற்றினார் என்று நான் நினைக்கிறேன். 

1763 இறுதியில் கர்னல் மான்சன் தலைமையில் முற்றுகை. நாயக்கர் காலத்து இரட்டை மதில், கொத்தளங்கள், அகழி, உள்ளே கம்பெனியின் போர்முறை முழுவதையும் கற்றுத் தேர்ந்த ஒருவர். ஆங்கிலேயர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. மழைக்காலம் வந்தது, முற்றுகை கலைந்தது. 1764-ல் மேஜர் சார்லஸ் காம்ப்பெல் வந்தார். ஜூன் 26 அன்று மதிலில் ஏறிப் பார்த்தார்கள், அடித்து இறக்கப்பட்டார்கள். மேஜர் பிரஸ்டன் அந்தத் தாக்குதலில் பட்ட காயத்தில் இறந்தார். அதற்கு மேல் காம்ப்பெல் தாக்கவில்லை. சுற்றி வளைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், ஒரு மூட்டை தானியம் உள்ளே போகாதபடி. அரிசி வண்டியால் உயர்ந்த மனிதரை அரிசி வண்டி இல்லாமல் செய்துதான் வீழ்த்த முடிந்தது. மதுரையைச் சுற்றியிருந்த சிவகங்கை, ராமநாதபுரம், தொண்டைமான் யாரும் உதவிக்கு வரவில்லை. பத்தாண்டுகள் அவர் அவர்களிடம் நடந்துகொண்ட விதத்துக்கு அவர்கள் ஏன் வர வேண்டும்?

உள்ளே பசி. ஆட்கள் மதில் தாண்டி ஓடத் தொடங்கினார்கள். அக்டோபர் 13 மாலை, அவர் தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாசராவ், ஹக்கீம் பாபா சாகிபு, பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்து ஆகியோர் ஆட்களோடு புகுந்து அவரைப் பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினார்கள் என்பது கேட்டு வந்த செய்தி. கணக்கைப் பார்த்தவர், நாடியைப் பார்த்தவர், யாருடைய கொடியை ஏற்றினாரோ அந்த நாட்டுக்காரர் என்று மூவருமே கூட இருந்தவர்கள். ஆங்கிலேயர் கையில் ஒப்படைத்தார்கள், ஆங்கிலேயர் நவாப் கையில் கொடுத்தார்கள். அக்டோபர் 15 மாலை மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கிலிட்டார்கள். முதல் இரண்டு முறை கயிறு அறுந்து மூன்றாவது முறைதான் உயிர் போனது என்று இன்றும் சொல்கிறார்கள். அவருக்கு மனைவி இருந்தார், மாசா என்று வழங்கும் பெயர், போர்த்துகீசிய வழிக் கிறித்தவப் பெண். இரண்டு மூன்று வயதில் ஒரு மகனும் இருந்தான். அந்தப் பெண்ணும் குழந்தையும் அன்று இரவு எங்கே இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் இந்தக் கதையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறது.

உடலை ஒரே இடத்தில் விடவில்லை. தலை திருச்சிக்கு, கை கால்கள் தஞ்சாவூர், பாளையங்கோட்டை, பெரியகுளம், திருவிதாங்கூர் என்று அனுப்பப்பட்டன. கான் சாகிபு செத்துவிட்டார் என்று சொன்னால் இந்த ஊர்களில் யாரும் நம்ப மாட்டார்கள், கண்ணில் காட்டினால்தான் நம்புவார்கள் என்று கருதியிருக்கிறார்கள். இந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு மனிதரின் செல்வாக்கு எதுவரை பரவியிருந்தது என்பதை எதிரிகளே அளந்து கொடுத்துவிட்டார்கள்.

சம்மட்டிபுரத்தில் மிச்ச உடல் புதைக்கப்பட்ட இடத்தில் 1808-ல் ஒரு சின்னப் பள்ளிவாசல் எழுந்தது. கான் சாகிபு பள்ளிவாசல் என்றால் காளவாசல் பக்கத்தில் வழி சொல்வார்கள். நான் முதன்முதலில் போனது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வெளியே தேனி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. உள்ளே ஒரு அம்மா பேரக் குழந்தையைக் கூட்டி வந்து ஓதி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார், நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். 'யாரும்மா இது' என்று கேட்டேன். 'கான்சா சாமிப்பா, பிள்ளைக்குப் பயம் தெளியும்' என்றார். ஃபுல்லர்ட்டன் சொன்னது நினைவுக்கு வந்தது, குற்றவாளி ஒளிய இடமில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பு அருகே கான்சாபுரம் என்று ஊரே இருக்கிறது. கான் சாகிபு சண்டை என்ற கதைப்பாடலை வில்லுப்பாட்டு, கும்மிப் பாட்டுக்காரர்கள் வாய்வழியாகவே காப்பாற்றி வந்தார்கள். அதைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். தூக்கில் போட்டு நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1914-ல், எஸ்.சி. ஹில் என்ற ஆங்கிலேயர் கம்பெனி ஆவணங்களைத் தோண்டி அவரைப் பற்றி முழு நூல் எழுதினார். இன்று நாம் பேசுகிற தேதிகளில் பெரும்பாலானவை அந்த உழைப்பிலிருந்து வந்தவை. 1997 அக்டோபரில் கமல்ஹாசன் தொடங்கிய படத்தின் தொடக்க விழாவுக்குப் பிரிட்டிஷ் ராணி இரண்டாம் எலிசபெத் வந்தார். படம் நின்றுபோனது, ஆனால் மருதநாயகம் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது அந்த நாளில்தான். அதற்கு முன் தெற்கத்தி ஜனங்களுக்கு அவர் கான்சா மட்டுமே.

நெல்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. அங்கே போய்க் கான் சாகிபைப் பற்றிப் பேசினால் முகம் மாறும், மாறத்தான் செய்யும். அவர்கள் முன்னோரின் வீடுகளைக் கொளுத்தியவர் அவர். யூசுப் கான் தூக்கிலிடப்பட்ட அந்த 1764-லேயே பூலித்தேவர் தன் நாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். மறுபடி அவரை விரட்ட 1767-ல் டொனால்டு காம்ப்பெல் வாசுதேவநல்லூருக்கு வர வேண்டியிருந்தது. பாளையங்களை முழுக்க அடக்கக் கம்பெனிக்கு 1801 வரை ஆனது. ஒரு குத்தகைக்காரர் மூன்று ஆண்டில் செய்து கொடுத்த வேலை அது.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில்: முதல் விடுதலை வீரர் என்ற பட்டத்தை நான் அவருக்குக் கொடுக்க மாட்டேன், அதை நெல்கட்டும்செவல்காரர்களிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பதுபோல் ஆகும். துரோகி என்றும் சொல்ல மாட்டேன், அவர் எடுத்துக்கொண்ட வேலை எதிலும் ஏமாற்றவில்லை. மதுரைக்கு வந்தால் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கோட்டைக் கொத்தளத்தின் மிச்சம் ஒன்று நிற்கிறது, பாருங்கள். மீதி மதிலையெல்லாம் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். இன்று அதன்மேல்தான் வெளி வீதிகள் ஓடுகின்றன. அங்கிருந்து காளவாசல் போகிற டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. கொத்தளத்தையும் பள்ளிவாசலையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். மறுநாள் சங்கரன்கோவில் வழியாக நெல்கட்டும்செவலுக்கும் போய் வாருங்கள்.